ஆறாம் பிளாக்கின் ஒரே உடம்பு

ஆறாம் பிளாக்கில் பெண்களுக்குக் குறைச்சலில்லை. ஆனால் மூன்று வருடமாக அந்த பிளாக்கில் சோதிக்கப்பட்டு வந்தது ஒரே ஒரு உடம்புதான். அது நாகபூஷணத்தின் உடம்பு. நகரத்திலேயே அவ்வளவு தடவை சோதிக்கப்பட்ட கர்ப்பப்பை வேறு எதுவும் இருந்திருக்காது. அதற்கு ஒரு குறையும் இல்லை என்று இயந்திரம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தது.

நாகபூஷணத்துக்குத் தொழில், பழைய புடவைக்குப் பாத்திரம் கொடுப்பது. பாத்திரத்தை வீட்டிலேயே அச்சடித்து எடுக்கும் காலம் வந்துவிட்டது. ஆளில்லாத ஷேர் ஆட்டோ தானாக வந்து நின்று தானாகக் கதவு திறக்கிறது. ஆனாலும் பழைய புடவையைச் சும்மா தூக்கிப் போட எந்தப் பெண்ணுக்கும் மனசு வரவில்லை. அந்த மனசு வராத இடத்தில்தான் அவள் கூடையை இறக்கினாள். புடவையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள், உதட்டைப் பிதுக்குவாள், இல்லாத கிழிசலைக் கண்டுபிடிப்பாள். அந்தக் கிழிசல்தான் அவள் மூலதனம். கொடுத்தவள் தானே ஏமாற்றிவிட்டோம் என்ற குற்ற உணர்ச்சியோடு சின்ன டபராவை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

இப்படிப்பட்டவள் தன் உடம்பையே சரக்காக்கியதற்குக் காரணம் உண்டியல்.

பழைய பஞ்சாலை இருந்த இடத்தில் மேகமாலை என்று நாலு கோபுரங்கள் எழும்பியிருந்தன. ஆறாம் பிளாக் பெண்கள் பெரும்பாலும் அங்கேதான் பாத்திரம் தேய்த்தார்கள், சமைத்தார்கள், கிழவர்களைக் குளிப்பாட்டினார்கள். அந்த வாசலில் நுழைய மணிக்கட்டில் ரப்பர் பட்டை கட்டியிருக்க வேண்டும். பட்டை பச்சையாக ஒளிர்ந்தால் கதவு திறக்கும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முளையிலேயே பிடிக்கிறோம் என்று ஒப்பந்தம் எடுத்த நலக்கை நிறுவனம், பிளாக்கின் கீழே ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தது. வருடத்துக்கொருமுறை பெண்ணே தன் உடம்பிலிருந்து பஞ்சுக்குச்சியில் ஒற்றி எடுத்து, குப்பியில் போட்டு, கட்டைவிரலை வைத்துவிட்டு அந்தப் பெட்டியில் போட வேண்டும். உண்டியல் என்று பெயர் வைத்தார்கள் பிளாக் பெண்கள். காணிக்கை போட்டால் பட்டைக்கு நிறம் வரும். கிருமி இல்லையென்றால் பச்சை. இருந்தால் சிவப்பு வைத்தால் மனசு புண்படும் என்று நிறுவனம் யோசித்து யோசித்து, கத்திரிப்பூ நிறம் வைத்தது.

முதல் வருடம் நாலாவது மாடியில் ஒருத்தி மணிக்கட்டு கத்திரிப்பூவாயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சரிசெய்துகொள்வதற்கான அடையாளம்தான் அது. ஆனால் மேகமாலைக்காரர்கள் அதைத் தொற்றுநோய் என்று எடுத்துக்கொண்டு, அவள் தேய்த்த பாத்திரத்தையெல்லாம் இன்னொருத்தியை விட்டுக் கழுவச் சொன்னார்கள். வாசல் மூடிக்கொண்டது. வீட்டில் புருஷன், எவன்கிட்ட வாங்கினே என்று கேட்டான். பிளாக் பெண்கள் அவளைக் கத்திரிக்காய் என்று கூப்பிட்டார்கள். அவள் ஊரைவிட்டே போய்விட்டாள்.

அதற்கப்புறம் எவளும் தன் குச்சியை உண்டியலில் போடத் துணியவில்லை. போடாமல் இருக்கவும் முடியாது, வாசல் திறக்காது. மேகமாலை வாசலே தேவைப்படாத நாகபூஷணம் மட்டும் விளையாட்டாய்ப் போட்டுப் பார்த்தாள். பச்சை வந்தது. தெருவில் எல்லாரும் தேடும் சரக்கு தன்னிடம் மட்டும் இருக்கிறது என்று ஒரு வியாபாரிக்குத் தெரிந்துவிட்டால் என்ன நடக்குமோ அது நடந்தது. ஒரு குச்சிக்கு ஒரு புடவை. மேகமாலை அம்மாமார்கள் தீபாவளிக்குத் தள்ளிவிட்ட பட்டுகளெல்லாம் அவள் கூடைக்கு வந்து சேர்ந்தன. இயந்திரம் கட்டைவிரலை மட்டும்தான் பார்க்கிறது, குச்சி யாருடையது என்று பார்ப்பதில்லை என்பது பிளாக் முழுக்கத் தெரிந்த ரகசியம்.

தம்பி பெண்டாட்டி அமுலுவுக்கு மட்டும் இலவசம். தம்பி செத்த பிறகு அமுலு மேகமாலையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு நாத்தனாரோடுதான் இருந்தாள். புடவை வாங்காமல் குச்சி கொடுத்ததை நாகபூஷணம் வாரத்துக்கொரு தரம் சொல்லிக் காட்டத் தவறியதில்லை. அமுலுவும் பதிலுக்கு, அண்ணி சமைத்த குழம்பை மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிடத் தவறியதில்லை.

அந்த அமுலுவுக்கு ஆடி மாதத்திலிருந்து மாதவிலக்கு இல்லாத நாளிலும் ரத்தம் பட்டது. நாற்றத்தோடு வெள்ளைப்பட்டது. இடுப்பு இற்று விழுகிற மாதிரி வலி. அவள் யாருக்கும் சொல்லவில்லை. துவைத்த துணியைக் கொடியில் மற்றதற்கு அடியில் மறைத்துக் காயப்போட்டாள். புடவைக் கறையைப் பார்த்தே குடும்பக் கதை சொல்லும் நாகபூஷணத்தின் கண்ணுக்கு அது தப்பவில்லை. ஒரு காலை கொடியிலிருந்து அதை உருவி எடுத்தாள்.

"எத்தினி நாளா இது?"

"உனுக்கு இன்னாத்துக்கு அண்ணி? கறை பட்ட புடவைக்கு நீ டம்ளர்கூடத் தர மாட்டே."

அன்றைக்கே அவளை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கேதான் சிக்கல் தெரிந்தது. அமுலு ஏற்கெனவே இரண்டொரு முறை தனியாக வந்து போயிருக்கிறாள். ஆஸ்பத்திரி வாசல் இயந்திரம் மணிக்கட்டைப் பார்த்துச் சீட்டு கொடுக்கும். பச்சைப் பட்டைக்குக் கர்ப்பப்பைப் புற்று இருக்காது என்பது அதன் முடிவு. எனவே அவளை ஒவ்வொரு தடவையும் இரும்புச்சத்து மாத்திரை வரிசையில் நிறுத்தி அனுப்பிவிட்டது. உள் பரிசோதனை அறைக் கதவு கத்திரிப்பூ மணிக்கட்டுக்கு மட்டுமே திறக்கும்.

நாகபூஷணம் இயந்திரத்திடம் பேரம் பேசினாள், திட்டினாள், ஓங்கிக் குத்தினாள். சத்தம் கேட்டு டாக்டர் ஷாகிரா பானு வெளியே வந்தார். தூக்கமில்லாத கண், இரக்கத்தைச் செலவழித்து முடித்த குரல். அமுலு சொன்னதைக் கேட்டு ஒரு கணம் நெற்றியைச் சுருக்கினார். அப்புறம் மணிக்கட்டைப் பார்த்தார்.

"போன மாசி வரைக்கும் பச்சைதானே? அப்ப இது வேற ஏதோ. மாத்திரை சாப்பிடு."

"அந்தப் பச்சை அவ இல்லீங்க, டாக்டரம்மா," என்றாள் நாகபூஷணம். "அது நானு."

டாக்டருக்குப் புரிய சற்று நேரமாயிற்று. புரிந்ததும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நாகபூஷணம் பதிலுக்குக் கத்தியிருப்பாள், சமாளித்திருப்பாள். டாக்டர் அமைதியாகக் கேட்டார், யாரிடம் வாங்கியது இந்த நோய் என்று பிளாக்கில் பேசிக்கொள்கிறார்களா என்று. அமுலு தலையைக் குனிந்தாள்.

"கேட்டுக்கோங்க ரெண்டு பேரும். இந்தக் கிருமி கல்யாணம் ஆன பாதிப் பேருக்கு மேல ஒரு தடவையாவது வந்துட்டுப் போகும். ஒழுக்கமா இருந்தவ, இல்லாதவன்னு அதுக்குத் தெரியாது. நூத்துல தொண்ணூறு பேருக்குத் தானா போயிடும். சில பேருக்கு மட்டும் உள்ளயே உக்காந்து, பத்து வருஷம் பதினஞ்சு வருஷம் எடுத்துப் புத்தா மாறும். அவ்வளவு வருஷம் டைம் குடுக்கற புத்து வேற எதுவும் கிடையாது. முன்னாடியே பார்த்தா கருக்கி எடுத்துட்டு அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன். அந்த டைமைத்தான் நீ புடவைக்கு வித்திருக்கே."

டாக்டர் அமுலுவின் பட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"இவளைத் தவிர எத்தனை பேருக்குக் குடுத்தே?"

நாகபூஷணம் விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, இரண்டு கையும் போதாமல் நிறுத்தினாள்.

"அதுல யார் யாருக்கு இருக்குன்னு எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. நிறுவனத்துக்குப் போய்ப் பழைய ரிசல்ட்டை ரத்து பண்ணச் சொல்லு. கதவு திறந்தா நான் பார்க்கறேன். சீக்கிரம்."

விஷயம் அவர்களுக்கு முன்னாலேயே பிளாக்குக்கு வந்து சேர்ந்திருந்தது. மாத்திரை வரிசையில் நின்ற எவளோ கேட்டுக்கொண்டு வந்து சொல்லியிருக்கிறாள். லிஃப்ட் வாசலில் பெண்கள் வழிமறித்தார்கள். முன்னால் நின்றவள் புஷ்பராணி. மேகமாலையில் மூன்று வீட்டுச் சமையல் அவளுக்கு. பிளாக்கில் தண்ணீர் லாரி வந்தால் யார் குடம் முதலில் என்று தீர்ப்புச் சொல்கிறவளும் அவள்தான்.

நாகபூஷணம் நிறுவனத்தில் போய் உளறினால் எல்லார் பட்டையும் செத்துவிடும், எல்லார் அடுப்பும் அணைந்துவிடும், ஒருத்திக்காக இத்தனை பேர் சோற்றில் மண் விழ வேண்டுமா என்பது அவர்கள் வாதம். வியாபாரக் கண்ணோடு பார்த்தால் அதில் தப்பில்லை என்று நாகபூஷணத்துக்கே தோன்றியது. டாக்டர் சொன்னதை எடுத்துச் சொல்லிப் பார்த்தாள், உங்களிலும் ஒருத்திக்கு இருக்கலாம் என்றாள். அது நெருப்பில் எண்ணெயாயிற்று.

"எங்களுக்கு ஏன் வரும்?" என்றாள் புஷ்பராணி. "நாங்க இன்னா உன் தம்பி பொண்டாட்டியா? புருசன் செத்து எத்தினி வருசமாச்சு, இப்ப எங்கேர்ந்து வந்துச்சு இது? அத்தக் கேளு முதல்ல."

அமுலு படிக்கட்டில் ஏறிப் போனாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் ஏறுவதை எல்லாரும் பார்த்தார்கள். ஒருத்தியும் லிஃப்ட்டை விட்டு நகரவில்லை.

மறுநாள் நாகபூஷணம் கூடையில்லாமல் வெளியே கிளம்பினாள். நலக்கை அலுவலகம் கண்ணாடியால் ஆனது. உள்ளே நிகிலேஷ் என்ற மேலாளர் அவளை உட்காரவைத்து மோர் கொடுத்தார். இளைஞர், இனிமையான பேச்சு. சரக்கைப் பார்க்காமலேயே நன்றாயிருக்கிறது என்று சொல்லும் வாடிக்கையாளரை அவள் எப்போதும் நம்பியதில்லை. நடந்ததை எல்லாம் ஒப்பித்தாள். போலீஸ் வரும், பட்டையெல்லாம் அறுபடும் என்று காத்திருந்தாள்.

"தெரியும்மா," என்றார் நிகிலேஷ்.

"இன்னா தெரியும்?"

"பெட்டிக்குள்ள போற ஒவ்வொரு குச்சியும் எந்த உடம்புலேர்ந்து வந்ததுன்னு அது பார்த்துடும். குச்சி மாறின முதல் மாசமே தெரிஞ்சுபோச்சு, ஆறாம் பிளாக் மொத்தமும் ஒரே லேடின்னு. நீங்கதானா அது? பார்க்கணும்னு நினைச்சுட்டு இருந்தேன்."

அவர் உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் சொன்னார். பச்சைக்குத்தான் நிறுவனத்துக்கு நல்ல பெயர். கத்திரிப்பூ ஒவ்வொன்றும் செலவு. ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், மேகமாலை குடியிருப்போர் சங்கம் கூச்சல் போடும், ஏன் இத்தனை நோயாளிகள் என்று மேலிடம் கேட்கும். ஆறாம் பிளாக்கை மட்டும் மற்ற ஊர்களுக்கு முன்மாதிரியாகப் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்களாம்.

நாகபூஷணத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தான் ஒரு புடவைக்கு விற்ற சரக்கை எதிராளி மாடமாளிகை விலைக்கு விற்றிருக்கிறான், தன்னைக் கேட்காமலேயே கூட்டாளியும் ஆக்கியிருக்கிறான். அமுலுவின் ரத்தம் அதில் ஒரு தள்ளுபடி.

அவள் பேரத்தில் இறங்கினாள். பிளாக் மொத்தத்தையும் ரத்து செய், எல்லாரையும் மறுபடி சோதி என்று ஆரம்பித்தாள். சிரித்தார். ஒரு மாடியாவது என்றாள். அதற்கும் சிரித்தார். கடைசியில் அவரே விலை சொன்னார். இயந்திரக் கோளாறு என்று எழுதி அமுலு ஒருத்திக்கு மட்டும் மறு சோதனை. அதற்கு மாற்றாக நாகபூஷணம் வாயைத் திறக்கக் கூடாது, அடுத்த மாதம் வருகிற வருடாந்தரப் புதுப்பித்தல் எப்போதும் போல நடந்து முடிய வேண்டும்.

"அப்ப குச்சி யாருதுன்னு பெட்டி பார்க்கும்."

"பார்க்கும்," என்றார் நிகிலேஷ். "நாங்க பார்க்க மாட்டோம்."

நாகபூஷணம் மோரைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

அமுலு தன் வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் சொந்தக் குச்சியை உண்டியலில் போட்டாள். மூன்றாம் நாள் மணிக்கட்டு கத்திரிப்பூவாயிற்று. ஆஸ்பத்திரிக் கதவு திறந்தது. டாக்டர் உள்ளே பார்த்து, சதை எடுத்து அனுப்பி, புற்று என்று உறுதி செய்தார். முளையில் இல்லை, முற்றவும் இல்லை. அறுவை செய்தால் பிழைப்பாள் என்றார். போன வருடமே வந்திருந்தால் கர்ப்பப்பையை எடுக்காமலேயே முடித்திருப்பேன் என்பதையும் நாகபூஷணத்தின் முகத்தைப் பார்த்தே சொன்னார். அறுவைக்கு ஒரு மாதம் போல வரிசை இருந்தது.

அந்த ஒரு மாதம் பிளாக்கில் அமுலு பட்ட பாட்டை நாகபூஷணம் பக்கத்திலிருந்து பார்த்தாள். தண்ணீர் லாரி வந்தபோது புஷ்பராணி அமுலுவின் குடத்தைக் காலால் தள்ளிவிட்டாள். லிஃப்ட் பொத்தானை அவள் தொட்டால் பின்னால் வருகிறவள் முந்தானையால் துடைத்தாள். கத்திரிக்காய் என்று கூப்பிடக்கூட யாரும் சிரமப்படவில்லை. அவளைக் கண்டால் காய்கறிக்காரனிடம் கத்திரிக்காய் விலை கேட்டார்கள், அவ்வளவுதான். நாகபூஷணம் ஒவ்வொருத்தியோடும் சண்டைக்கு நின்றாள். பதிலுக்கு அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அவ பச்சை யாருது?

புதுப்பித்தல் வந்தது. அதே பெண்கள் பையில் புடவையை மடித்து வைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத முகத்தோடு கதவைத் தட்டினார்கள். முதலில் வந்தவள் புஷ்பராணி. நல்ல மாம்பழ நிறப் பட்டு. நாகபூஷணம் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் வா என்று அனுப்பிவிட்டு உள்ளே வந்தாள்.

அமுலு பாயில் படுத்திருந்தாள். சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"எனுக்கு வாசல் மூடினப்ப மேகமாலைல இன்னா ஆச்சு தெரியுமா அண்ணி? ஒண்ணும் ஆவல. மறுநாளே வேற ஒருத்தி. நான் ஒருத்திதானே."

நாகபூஷணம் பாய் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒரு கடை மட்டும் விலை ஏற்றினால் அந்தக் கடைதான் நாசமாகும், தெருவே ஏற்றினால் வாங்குகிறவன்தான் இறங்கி வருவான் என்பது அவளுக்குப் பால் குடிக்கும் காலத்திலிருந்து தெரியும். ஆனால் இங்கே சரக்கு மனுஷிகள். எவள் எவள் வேலை போகும், எவள் புருஷன் என்ன கேட்பான் என்றெல்லாம் அவளுக்குத் தெரியும். கேட்டுவிட்டுச் செய்தால் ஒருத்தியும் ஒப்பமாட்டாள் என்பதும் தெரியும். கேட்காமல் செய்வது திருட்டு. மூன்று வருடம் அவர்கள் கேட்டுக்கொண்டு அவள் செய்ததும் ஒருவகைத் திருட்டுதான், அதில் போனது அமுலுவின் கர்ப்பப்பை.

"எளுந்திரு," என்றாள். "குச்சி வேணும் உன்னாண்டேர்ந்து. நிறைய."

அமுலு திரும்பிப் பார்த்தாள். புரிந்துகொண்டு, வலியோடு எழுந்து உட்கார்ந்தாள்.

"புஷ்பராணிக்கும் உண்டா?"

"அவளுக்குத்தான் முதல்ல."

சாயங்காலம் எல்லாருக்கும் குப்பி கொடுத்தாள், தானும் ஒன்று எடுத்துக்கொண்டாள். புடவை ஒன்றும் வாங்கவில்லை. அதுதான் எல்லாருக்கும் ஆச்சரியம். தம்பி பெண்டாட்டி நோயில் இவளுக்கு ஞானம் பிறந்துவிட்டது என்று ஒருத்தி சொல்ல, ஞானமில்லை பயம் என்று இன்னொருத்தி சொன்னாள். எல்லாரும் கட்டைவிரல் வைத்து, உண்டியலில் போட்டுவிட்டு, நிம்மதியாகத் தூங்கப் போனார்கள்.

மூன்றாம் நாள் விடிந்தபோது ஆறாம் பிளாக் முழுக்கக் கத்திரிப்பூ பூத்திருந்தது.

மேகமாலை வாசல் ஒருத்திக்கும் திறக்கவில்லை. மதியத்துக்குள் நாலு கோபுரத்திலும் பாத்திரம் குவிந்து, கிழவர்கள் குளிக்காமல் உட்கார்ந்து, சங்கம் நலக்கை நிறுவனத்தைப் பிடுங்கி எடுத்தது. நிகிலேஷ் நாகபூஷணத்தைப் போனில் கூப்பிட்டார். குரலில் பழைய இனிமை இல்லை. எல்லாக் குச்சியும் ஒரே உடம்புலேர்ந்து வந்திருக்கு, இது மோசடி என்றார்.

"நீங்கதான் பார்க்க மாட்டோம்னு சொன்னீங்களே," என்றாள் நாகபூஷணம். "இப்பத்தையது மோசடின்னா, மூணு வருசப் பச்சை இன்னாதுன்னு கேப்பாங்க. சொல்லுங்க, நானும் கூட வந்து சொல்றேன்."

மறுமுனையில் நிகிலேஷ் இணைப்பைத் துண்டித்தார். பேரம் படிந்துவிட்டது, இந்தக் கத்திரிப்பூவை இனி அவரால் ரத்து செய்ய முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. பட்டை மறுபடி பச்சையாக ஆஸ்பத்திரியில் டாக்டரின் கையெழுத்து ஒன்றுதான் இனி வழி.

ஜெயித்தாள் என்று சொல்லிவிட முடியாது. மேகமாலை சங்கம் முதலில் வேறு பிளாக்கிலிருந்து ஆள் கூப்பிட்டது. அத்தனை வீட்டுக்கும் ஆள் கிடைக்காமல், கத்திரிப்பூ என்றாலும் பரவாயில்லை, பாத்திரத்தில் ஒட்டுகிற நோய் இல்லையாமே என்று இரண்டாம் நாள் இறங்கி வந்தது. வாசல் திறந்தது. ஆனால் அதற்குள் சிலர் வேலை கைமாறிவிட்டிருந்தது. புஷ்பராணியின் மூன்று வீடும் போயின. அவள் நாகபூஷணத்தின் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினாள். நாகபூஷணம் கதவைச் சாத்தவில்லை, நின்று வாங்கிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஆறாம் பிளாக் பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்திருந்தது. அறுவைக்கு அமுலுவைச் சேர்த்த அதே நாள். நாகபூஷணம் உட்கார்ந்த பெஞ்சில் அவளைத் தவிர யாரும் இல்லை. எதிர்ப் பெஞ்சுகளிலிருந்து அவளுக்குக் கேட்கிற மாதிரி, ஆனால் அவளிடம் சொல்லாத மாதிரி, வசவு வந்துகொண்டிருந்தது. அவள் உடம்பு அழுகும் என்றார்கள். அழுகினால் எங்களுக்குத்தான் முதலில் தெரியும், இத்தனை வருஷம் நாங்கள்தானே அதைச் சோதித்தோம் என்று ஒருத்தி சொல்ல, சிரிப்பு கிளம்பி, கோபம் ஞாபகம் வந்து அடங்கியது.

ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். அன்று குச்சியோடு நிற்கவில்லை டாக்டர், உள்ளே வினிகர் வைத்துப் பார்த்தார்; கெட்டுப்போன இடம் இருந்தால் வெள்ளையாகும். ஒன்றுமில்லை என்று வந்தவர்கள் போகிற போக்கில் நாகபூஷணத்தின் காலடியில் துப்பிவிட்டுப் போனார்கள். கிளம்பும்போது மணிக்கட்டு பச்சையாக இருந்தது. அவர்களுக்கே சொந்தமான முதல் பச்சை. அதற்காக யாரும் நன்றி சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

புஷ்பராணி உள்ளே போய் நேரமாயிற்று. வெளியே வந்தபோது நடை மாறியிருந்தது. தன் கூட்டத்தின் பக்கம் போகவில்லை. நேராக நாகபூஷணத்தின் முன்னால் வந்து நின்றாள். அடி விழப்போகிறது என்று நாகபூஷணம் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

"வினிகர் வெச்சாங்க," என்றாள் புஷ்பராணி. "வெள்ளையா ஆச்சாம்."

நாகபூஷணம் அவளையே பார்த்தாள்.

"அது அமுலுவோடதுதானே? உன் குச்சியாலதானே அப்படி வந்துச்சு? சொல்லு."

"குச்சி பொட்டில போச்சு," என்றாள் நாகபூஷணம். "வினிகர் வெச்சது உன் மேல."

புஷ்பராணி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். இன்னும் புற்றாக ஆகவில்லை, இன்றைக்கே கருக்கிவிடலாம், சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அவள் முழுக்கச் சொல்லவில்லை. துண்டு துண்டாக, யார் மேலேயோ குற்றம் சொல்வது போலச் சொன்னாள். கையெழுத்துப் போடவும் பக்கத்தில் நிற்கவும் துணைக்கு ஒருத்தி வேண்டுமாம். எதிர்ப் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து அவளோடு சேர்ந்து வைதவர்கள் அங்கே இருந்தார்கள். ஒவ்வொருத்தியும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வேறு எங்கோ பார்த்தாள். நடுவில் கொஞ்சம் இடம் விட்டு ஒதுங்கியும் உட்கார்ந்தார்கள்.

நாகபூஷணம் எழுந்தாள். புஷ்பராணி அவள் முழங்கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள்.

"வா. உள்ள வந்து வாயத் தொறந்தே, கொன்னுடுவேன்."

நாகபூஷணம் வாயைத் திறக்காமல் கூட நடந்தாள். இருவரின் கத்திரிப்பூ மணிக்கட்டையும் பார்த்துவிட்டுக் கதவு திறந்தது.